எஞ்சின் நிற்கக் கூடாத தெரு

காஞ்சிபுரம் ரயிலடிக்கு எதிரில் எனக்கு ஒரு பெட்ரோல் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, சுவரோரம் அடுக்கிய டின்கள், ஒரு புனல், அதன் வாயில் கட்ட ஒரு வடிகட்டித் துணி, அவ்வளவுதான். ஊரில் மோட்டார் ஓட்டுகிறவன் எவனும் என்னிடம் வராமல் தீராது. அதனால் புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களின் முகத்தைச் சுடச்சுடப் பார்க்கும் பாக்கியமும் எனக்குத்தான். செங்கல்பட்டுக்குப் போய், போலீஸ் துரை முன்னால் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டி, முத்திரை குத்திய காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். “அப்பாதுரை அண்ணே, நாளையிலேர்ந்து தனியா எடுக்கறேன்” என்பார்கள். எனக்குச் சந்தோஷம் வராது.

அவர்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றாமல் வண்டியை எடுக்காதே என்பான் ஒருவன். மாடு எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதே, அது மிரண்டு உன் மேலேயே வரும் என்பான் இன்னொருவன். பாலாற்று மணலில் நடுவில் நிறுத்தாதே, நெசவுக்காரத் தெருவில் காலையில் தறிக்கான பாவு நூலை விரித்திருந்தால் உள்ளே போகாதே, சுற்றிக்கொண்டு போ, இப்படி ஆளுக்கு ஒன்று. எல்லாம் சரியான பேச்சுத்தான். உத்திரமேரூர் பஸ் ஓட்டுகிற வீராசாமி மட்டும் வேறு எதையும் சொல்ல மாட்டான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றையேதான் சொல்வான்.

“வண்டி நின்னுபோச்சின்னா எறங்குபா. எந்தத் தெருவா இருந்தாலும் எறங்கு.”

கேட்கிறவன் சிரிப்பான். வண்டி நின்றால் இறங்காமல் உட்கார்ந்து ஜபமா பண்ணுவார்கள்? வீராசாமிக்கு மூளை கொஞ்சம் பிசகு என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஏற்றாற்போல அவனும் ஒவ்வொரு நிறுத்தத்திலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும், கீழே இறங்கித் தரையில் கால் வைத்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவான். ஓரிக்கையில் இறங்குவான், மாகறலில் இறங்குவான், ஒருத்தருமே ஏறாத புளியமரத்தடியிலும் இறங்குவான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. காரணம் தெரிந்த எனக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

வீராசாமி பாலாற்றுப் பக்கம் இருந்த சேரியில் பிறந்தவன். அவன் அப்பாவுக்கு உழ ஒரு சாண் நிலம் கிடையாது. பிறத்தியார் நிலத்தில்தான் உழைத்துச் செத்தார். அம்மா எல்லம்மாள் நாற்று நட்டும் களை பறித்தும் அவனை வளர்த்தாள். சின்னக் காஞ்சிபுரத்து வக்கீல் தேசிகன் மோட்டார் வாங்கியபோது, வண்டியை அவர் வீட்டுத் தெருவில் நிறுத்த இடமில்லை என்று ஊர் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டார். கொட்டகையைக் காக்கவும் வண்டியைக் கழுவவும் வீராசாமியை வைத்துக்கொண்டார். ஓட்டுவதற்கு மயில்வாகனம் என்று ஒருத்தர் இருந்தார். மயில்வாகனம் முதலியார் வீட்டுப் பிள்ளை. எந்தத் தெருவிலும் இறங்கலாம், நிற்கலாம், வெற்றிலை போடலாம்.

அந்த மயில்வாகனம் சென்னைப் பட்டணத்தில் நல்ல வேலை கிடைத்துப் போகிறேன் என்றபோதுதான் வக்கீலுக்குத் தலைவலி வந்தது. ஊரில் அப்போது லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள், எல்லோரும் ஒவ்வொரு இடத்தில் வேலையில் இருந்தார்கள். வீராசாமியோ கழுவக் கொடுத்த வண்டியைக் கொட்டகைக்கு முன்னால் ஓட்டி ஓட்டிப் பழகியிருந்தான். மயில்வாகனமே செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தார். சேரியிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவன் அவன்தான் முதல். எல்லம்மாள் அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவன் மனைவி அம்சா அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை அழுக்கு என்று கழுவிக்கொண்டு வந்து மறுபடி தொட்டாளாம்.

இனித்தான் சங்கடம். வக்கீல் வீடு இருந்தது அக்ரகாரத்தில். அந்தத் தெருவில் வீராசாமியின் ஜனங்கள் கால் வைக்கக் கூடாது. தெரு முனையில் நின்று குரல் கொடுக்கலாம், அதற்கு மேல் இல்லை. வக்கீல் சட்டம் படித்தவர். எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர். வண்டிதான் தெருவில் போகிறது, அவன் கால் போகவில்லையே என்று வாதாடினார். சக்கரம் ரப்பர், ரப்பர் மரத்துப் பால், மரத்துப் பாலுக்குத் தீட்டில்லை என்று முடிவானது. இருக்கையில் இருந்த தோலை உரித்துவிட்டுக் கித்தான் தைத்தார்கள். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே ஒரு பலகை அடித்தார்கள். கோர்ட்டுக்குப் போய் வந்தாலே குளிக்கிறேன், வண்டியில் போய் வந்தும் அதே குளியல்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எதிர் வீட்டுப் பராங்குசம், அந்தத் தெருவில் வயதிலும் வேதத்திலும் பெரியவர், கடைசியில் தலையை ஆட்டினார். கால் மட்டும் மண்ணில் படக் கூடாது, அதுதான் ஏற்பாடு.

கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் அப்போது வந்தது. கடையில் உட்கார்ந்து நாலு பேரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் மயில்வாகனம் ஒருத்தர்தான். அந்தக் காலத்து வண்டிக்கு இப்போதுபோல் பொத்தான் கிடையாது. எஞ்சின் நின்றால் டிரைவர் இறங்கி, முன்பக்கம் போய், ஹாண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். இறங்கக் கூடாதவன் எப்படிக் கிளப்புவான்? பட்டணத்துக்கு ரயிலேறும் அன்று அவர் என் கடைவாசலில் நின்றுதான் வீராசாமிக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஹாண்டில் புடிக்கறப்போ கட்டைவிரலச் சுத்திப் புடிக்காத, மத்த விரலோட சேத்து வெச்சிக்கோ. புடிக்கறதுக்கு முன்னால ஸ்பார்க் குச்சிய மேல ஏத்து. மறந்தீன்னா திருப்பி ஒதைக்கும், கை போயிடும். அப்புறம் அந்தத் தெரு. உன் உசுரு நின்னாலும் பரவாயில்ல, அங்க எஞ்சின் நிக்கக் கூடாது. தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுண்ணே” என்றான் வீராசாமி.

ஸ்பார்க் குச்சி என்றது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன இரும்புக் குச்சியை. வண்டி ஓடும்போது அது கீழே இறங்கியிருக்கும். நின்றுபோன எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் அதை மேலே தள்ளியாக வேண்டும். தள்ளாவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக வெடித்து, ஹாண்டில் பிடித்தவன் கையை முறித்துவிடும். வீராசாமிக்கு இது நன்றாகத் தெரியும். இருக்கையை விட்டு எழுந்திருக்கும்போதே அவன் இடது கை தானாகப் போய்க் குச்சியை ஏற்றிவிடும். அவன் யோசித்துச் செய்வதில்லை. இறங்குவதும் குச்சியை ஏற்றுவதும் அவனுக்கு ஒரே வேலையாகிவிட்டது.

முதலில் கொஞ்ச நாள் வக்கீல் கூடவே உட்கார்ந்து போனார். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். வக்கீல் ஏறுவார், வண்டி நகரும். தெருக்காரர்கள் அவனை “டேய் டிரைவர்” என்று கூப்பிட்டார்கள். வக்கீலின் மகள் பூமா தலைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ரயிலடியிலிருந்து அவளை அழைத்து வந்த அன்று, பலகைக்குப் பின்னாலிருந்து, “உன் பேரென்ன?” என்று கேட்டாள். சொன்னான். அப்புறம் அவள் எப்போது வண்டியில் ஏறினாலும், “வீராசாமி, மெதுவாப் போ” என்று பெயர் சொல்லித்தான் சொல்வாள். அவள் அம்மா வைதேஹிகூட ஒருநாள், “அதென்ன பேர் சொல்லிக் கூப்பிடறது” என்று கடிந்துகொண்டாளாம். “பேர்னு ஒண்ணு இருக்கறது கூப்பிடத்தானே அம்மா” என்றாளாம் பூமா.

அவளுக்கு மாதம் நெருங்கிய நேரத்தில் வக்கீலுக்கு ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. ரயிலில் போவதற்கு முன் கொட்டகைக்கு வந்து வீராசாமியிடம் சொன்னார்.

“பூமாவுக்கு எப்ப வேணா வலி எடுக்கும். பெரிய காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் அழைச்சுண்டு போகணும். நான் இல்லைன்னு அசிரத்தையா இருந்துடாதே. உன்னை நம்பித்தான் போறேன்.”

உன்னை நம்பித்தான் போகிறேன் என்று அவனிடம் அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான் என்று அம்சா சொல்வாள். வண்டிக்கடியில் பாயைப் போட்டுப் படுத்தான்.

பூமாவுக்கு வலி எடுத்த நாள்தான் வக்கீல் இல்லாமல் அவன் அந்தத் தெருவுக்குள் போன முதல் நாள். கடைசி நாளும் அதுதான். நான் அங்கே இல்லை. வீராசாமி சொன்னதையும், வக்கீலின் மகன் ஹயக்ரீவன் வெகுநாள் கழித்துச் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருவர் சொன்னதும் அநேகமாக ஒன்றாகவே இருந்தது.

விடிந்து வெயில் ஏறுவதற்கு முன் ஹயக்ரீவன் கொட்டகைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனி என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வீராசாமி அந்த இடத்திலேயே வண்டியைக் கிளப்பினான். வக்கீல் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தான். பூமாவைத் தாங்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் கிடத்தினார்கள். வைதேஹி மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹயக்ரீவன் முன்னால் ஏறினான். வண்டி நகர்ந்தது. அதுவரை நன்றாகத்தான் ஓட்டினேன் என்பான் வீராசாமி.

தெருவின் பாதிவரை வந்திருப்பார்கள். பக்கத்துச் சந்திலிருந்து கோயிலுக்குத் தீர்த்தம் கொண்டுபோகிறவர்கள் திரும்பினார்கள். தலையில் குடம், மேலே குடை, முன்னால் ஒருவர் வழி விலக்கிக்கொண்டு வந்தார். அந்தத் தீர்த்தத்துக்கு எதிரில் வேறு யார் வந்தாலும் ஒதுங்கி நிற்பார்கள். வீராசாமியின் ஜனங்கள் எதிரில் வரவே கூடாது. சின்ன வயதிலிருந்து எல்லம்மாள் அவன் காதில் போட்டு வளர்த்த பயம் அது. குடையைப் பார்த்ததும் இரண்டு காலாலும் பிரேக்கையே மிதித்தான். கிளச்சை மிதிக்க வேண்டும் என்பது மறந்துபோனது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எஞ்சினும் நின்றது.

தீர்த்தக்காரர்கள் ஒதுங்கிப் போய்விட்டார்கள். தெருவில் சத்தமே இல்லை. பின்னால் பூமா முனகுவது மட்டும் கேட்டது.

“நீ எறங்கப்படாது, இரு. நான் சுத்தறேன்” என்று ஹயக்ரீவன் குதித்து இறங்கினான். நல்ல பிள்ளை. கல்லூரியில் சேரக் காத்துக்கொண்டிருந்தான். வண்டி என்றால் அவனுக்கு உயிர், மயில்வாகனம் ஹாண்டில் போடுவதை எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். வீராசாமி இருக்கையில் இருந்தபடியே எல்லாம் சொன்னான். கட்டைவிரலைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னான். கீழேயிருந்து மேலே இழுக்கச் சொன்னான். ஹயக்ரீவனும் அப்படியே செய்தான்.

குச்சி மட்டும் கீழேயே இருந்தது. வீராசாமி இறங்கவில்லை, அதனால் அவன் கை குச்சிக்குப் போகவில்லை.

ஹாண்டில் திருப்பி உதைத்த சத்தத்தைத் தெருக்கோடியில் இருந்தவர்கள்கூடக் கேட்டார்களாம். ஹயக்ரீவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சுருண்டு விழுந்தான். அப்போதுதான் வீராசாமியின் கண் அந்தக் குச்சியின் மேல் போனது. அதை மேலே தள்ளினான். இனி யாராவது ஒருத்தர் போய் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வண்டி கிளம்பிவிடும். ஆனால் பையன் கை முறிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் எவர் அந்த ஹாண்டிலைத் தொடுவார்கள்?

வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். குளித்து மடியாக இருந்தவர்கள் வண்டியைத் தொட்டுத் தள்ள யோசித்தார்கள். கட்டை வண்டி கொண்டுவரலாம் என்றார் ஒருவர். மாடு மேய்ச்சலுக்குப் போய்விட்டதே என்றார் இன்னொருவர். நெசவுக்காரத் தெருவில் யாராவது பலசாலியைக் கூட்டி வரலாம் என்று ஒரு யோசனை. எல்லாம் பூமாவுக்காகச் சொன்னதுதான். அந்தத் தெருவில் ஒருவருக்கும் அவள் சாக வேண்டும் என்று எண்ணமில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள்தான் அத்தனை பேரும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன்.

வீராசாமி ஸ்டியரிங்குக்கு மேலே கையைக் கூப்பினான். பராங்குசத்தைப் பார்த்துக் கேட்டான்.

“சாமி, எறங்கட்டுங்களா?”

இறங்கு என்று சொல்லப் பராங்குசத்துக்கு வாய் வரவில்லை. இறங்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். கடைசியில், “கட்டை வண்டிக்கு ஆள் போயிருக்கு. சித்த பொறு” என்றார்.

பின்னாலிருந்து பூமாவின் குரல் வந்தது.

“வீராசாமி, நீ எறங்கேன். எறங்கிச் சுத்தேன்.”

அவன் பராங்குசத்தின் முகத்தைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பலகைக்கு மேலாக வைதேஹியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “பெருமாளே, பெருமாளே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காலைத் தூக்கிப் படிமேல் வைத்தான். அங்கேயே வைத்துக்கொண்டிருந்தான்.

“வீராசாமி” என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு பின்னாலிருந்து முனகல்கூட வரவில்லை.

குரல் நின்ற பிறகுதான் அவன் இறங்கினான். யாரும் இறங்கு என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. முன்பக்கம் போனான், ஹாண்டிலைப் பிடித்தான், ஒரு சுற்று. எஞ்சின் கிளம்பிவிட்டது. ஹயக்ரீவனை ஒரு கையால் தூக்கி முன் இருக்கையில் போட்டுக்கொண்டு ஓட்டினான்.

வழியில் நெசவுக்காரத் தெரு. தெரு நீளத்துக்கும் பட்டுப் பாவை விரித்துக் கட்டியிருந்தார்கள். அந்த இழைகள் கலைந்தால் ஒரு குடும்பம் பட்ட பாடெல்லாம் வீண். பாவு விரித்த நேரத்தில் எவனும் அங்கே வண்டியை விட மாட்டான், சுற்றிக்கொண்டுதான் போவான். வீராசாமி தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். பாவின் தலைமாட்டில் நின்ற கிருஷ்ணவேணி என்ற பெண் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும், “எத்துங்கபா, பாவ எத்துங்க, உள்ள பொம்பள இருக்குது” என்று கூவினாள். தெரு முழுக்க இருந்த ஆட்கள் கழிகளோடு பாவைத் தூக்கிச் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். வண்டி போய்விட்டது. தூக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை என்பான் வீராசாமி.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. பூமா பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாள் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. வீராசாமி ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். அவன் நிறுத்த மறந்த எஞ்சின் பெட்ரோல் தீரும்வரை ஓடி நின்றதாம்.

மறுநாள் தெருவைக் கழுவினார்கள். அவன் கால் பட்ட இடத்தில் சாணம் தெளித்தார்கள், புண்ணியாகவாசனம் செய்தார்கள். பூமா போனது விதி என்றார்கள். ஹயக்ரீவன் கை முறிந்தது மோட்டாரின் கோளாறு என்றார்கள். வீராசாமி இறங்கியது மட்டும் வீராசாமியின் குற்றம்.

வக்கீல் ஊருக்குத் திரும்பிக் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு கொட்டகைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவனைத் திட்டவில்லை. “நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் அந்தத் தெருவுல இருக்கணும்” என்றார். கொட்டகைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலை போனது போனதுதான்.

வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். அம்சா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வேலை பூட்ச்சேன்னு அழுவுறியா?”

இல்லை என்று தலையாட்டினான்.

“அவங்க தெருவுல கால வெச்சிட்டோமேன்னு அழுவுறியா?”

“கூப்ட்டப்பவே வெக்கிலியேன்னு அழுவுறேன்” என்றான்.

ரொம்ப நாள் வண்டி பக்கமே போகவில்லை. எல்லம்மாளோடு களை பறிக்கப் போனான். லைசன்ஸ் காகிதம் கூரையில் செருகிக் கிடந்தது. அப்புறம் உத்திரமேரூருக்குப் பஸ் விட்டபோது ஆள் கிடைக்காமல் முதலாளி அவனைத் தேடி வந்தார். அம்சாதான் கூரையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பஸ்ஸின் பாதையில் இறங்கக் கூடாத தெரு எதுவும் இல்லை. அதை விசாரித்துக்கொண்டுதான் வேலைக்கு ஒப்புக்கொண்டான்.

ஹயக்ரீவனின் கை கோணலாகவே கூடிவிட்டது. இடது கையால் எழுதப் பழகி, மாகறலில் வாத்தியாராகப் போனான். அந்தப் பஸ்ஸில்தான் போவான், டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். வெகுநாள் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் பஸ் புழுதியில் நின்றபோது வீராசாமி அவனிடம் சொன்னான்.

“சின்ன சாமி, அன்னிக்கு நான் குச்சிய ஏத்தல. அத்தால்தான் உங்க கை போச்சி. மோட்டார் மேல ஒண்ணும் கோளாறு இல்ல.”

ஹயக்ரீவன் கோணல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

“எனக்கு அப்பவே தெரியும், வீராசாமி. நீ எறங்கியிருந்தா மறந்திருக்க மாட்டே. எறங்காதேன்னு சொன்னது நான்தானே.”

வீராசாமி இறங்கிப் போய் ஹாண்டிலைப் போட்டான். இதை ஹயக்ரீவன்தான் என்னிடம் சொன்னான்.

இதெல்லாம் நடந்து வெகு காலம் ஆகிறது. போன மாசி மாதம் என் கடை வாசலில் ஒரு புது மோட்டார் வந்து நின்றது. கறுப்பு வண்டி, முகம் பார்க்கலாம்போல் பளபளப்பு. டிரைவர் யேசுதாஸ், வீராசாமியின் சேரியிலேயே கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. லைசன்ஸ் வாங்கி மை காயவில்லை. வக்கீல் தேசிகன் வீட்டு வண்டி என்றான். வக்கீலுக்கு இப்போது தள்ளாத வயது. பேத்தி பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகவும் வரவும் வாங்கியிருக்கிறார். பூமா விட்டுப்போன அந்தப் பெண்தான்.

அப்போது வீராசாமியும் கடையில் இருந்தான். பஸ்ஸுக்கு டின் வாங்க வந்தவன்.

“அண்ணே, இத்தப் பாருங்க” என்று யேசுதாஸ் அவனைக் கூப்பிட்டுக் காட்டினான். காலடியில் ஒரு பொத்தான். மிதித்தான், எஞ்சின் கிளம்பியது. நிறுத்தினான், மறுபடி மிதித்தான். “ஹாண்டிலே வேணாம். எஜமான் பட்டணத்துல சொல்லி வெச்சி, பொத்தான் வெச்ச வண்டியாத்தான் வேணும்னு கேட்டு வாங்கினாராம். அந்தத் தெருவுல டிரைவர் எறங்க வேண்டிய வேலையே இருக்கக் கூடாதுன்னு.”

எனக்குப் புனல் கையிலிருந்து நழுவிவிட்டது. பெற்ற மகள் அந்தத் தெருவில் வண்டியில் கிடந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தாள். அதிலிருந்து அந்த மனிதர் கற்றுக்கொண்டது இதுதானா? கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ, வீராசாமி என்னைக் கையமர்த்தினான். அவன் முகத்தில் கோபமில்லை. வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தான்.

“பாட்டரி செத்துப் பூட்ச்சின்னா?”

“அதுக்கும் ஒரு ஹாண்டில் குட்த்துகிறாங்கண்ணே. ஆனா அந்தத் தெருவுல மட்டும் எடுக்கக் கூடாதுன்னு எஜமான் சொல்லிக்கிறாரு.”

வீராசாமி நிமிர்ந்தான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வேறொன்று கேட்டான்.

“அந்தப் பொண்ணு உன்ன இன்னான்னு கூப்புடுது?”

“பேரு சொல்லித்தாண்ணே. முதல் நாளே இன்னா பேருன்னு கேட்டுச்சி.”

வீராசாமி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் என் எதிரில் அழுதது அன்றைக்கு மட்டும்தான். யேசுதாஸ் பயந்துபோய் என்னைப் பார்த்தான். வீராசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் சொன்னான்.

“அது பேரு சொல்லிக் கூப்ட்டா எறங்கிடுபா. வேற எவன் மூஞ்சியையும் பாக்காத.”

யேசுதாஸ் சரி என்று தலையாட்டினான். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. பொத்தானை மிதித்தான், வண்டி சின்னக் காஞ்சிபுரத்துப் பக்கம் போனது. உத்திரமேரூர் பஸ்ஸில் ஜனங்கள் டிரைவரைக் காணோம் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். வீராசாமி டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.